பழசு என்று எழுதினால் வரி இல்லை

ஆயர் ஈத்தாம் ஒரு நாற்சந்தி. வடக்கே போனால் யோங் பெங், தெற்கே சிம்பாங் ரெங்கம், மேற்கே பத்து பகாட், கிழக்கே குளுவாங். 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுசாகத் திறக்கும்வரை, கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் போகும் வண்டிகள் பலவும் இந்த ஊர்ச் சடக்கு வழியாகத்தான் போயின. இறங்கிப் பசியாறுவார்கள், பீங்கான் சாடி வாங்குவார்கள், ஏறிப் போய்விடுவார்கள். ஊர் வரலாறு என்று யாராவது எழுத உட்கார்ந்தால் பீங்கானும் நாற்சந்தியும்தான் வரும். அதே சடக்கில் தட்டுமுட்டுச் சாமானோடு, திரும்பி வராமலேயே போனவர்கள் உண்டு. அவர்கள் கொண்டுபோன பழைய சாமான்களைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

1957இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது தோட்டத்துத் தமிழர்கள் எல்லோரும் குடியுரிமை எடுத்துவிடவில்லை. சிலருக்கு விவரம் தெரியவில்லை. சிலரிடம் பத்திரம் இல்லை. சிலர் "எப்படியும் ஊருக்குப் போகத்தானே போறோம்" என்று விட்டுவிட்டார்கள். பிறகு வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் காலம் வந்தது. அதைத் தடுக்கத்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆனால் பெரிய அடி 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அது சொன்னது. சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவர்கள், பிறந்ததிலிருந்து பால்மரம் சீவியவர்கள் உட்பட, ஒரே நாளில் வெளிநாட்டுத் தொழிலாளி ஆனார்கள். 1969 கலவரத்துக்குப் பிந்தைய அந்த ஓரிரு ஆண்டுகளில் சுமார் 60,000 இந்தியர்கள் இங்கிருந்து கிளம்பினார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

60,000 பேர் என்பது நமக்கு ஓர் எண். 60,000 பேரின் சாமான் என்று நினைத்துப் பாருங்கள்.

கொண்டுபோகும் வழி கப்பல்தான். தமிழர் நினைவில் அந்தக் கப்பலுக்குப் பெயர் 'ரஜூலா'. 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. மேல்தட்டில் பாய் விரித்துப் போகிறவர்கள்தான் அதில் அதிகம். தகரப் பெட்டியே அவர்களுக்குச் சுவர், மேசை, தலையணை எல்லாம்.

பெட்டிக்குள் என்ன வைக்கலாம் என்பதை முடிவு செய்தது சுங்கம். இந்தியாவில் அது இறக்குமதிக்குக் கதவடைத்த காலம். 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேறு வந்திருந்தது. ஆனால் 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 79ஆவது பிரிவு என்று ஒரு சின்ன சந்து இருக்கிறது. பயணியின் மூட்டையில் உள்ள பொருள், விதியில் சொன்ன குறைந்தபட்ச காலம் அவர் புழக்கத்தில் இருந்தது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், அதை வரியில்லாமல் விடலாம். சட்டத்தின் பாஷையை இறக்கிவைத்துச் சொன்னால்: புதுசுக்கு வரி, பழசுக்கு விலக்கு.

என் பாட்டியின் தங்கை, எங்கள் சின்னப் பாட்டி, 1970இல் போனவர். அவருக்கு இந்தச் சட்டம் எண்ணோடு தெரியாது, ஆனால் உள்ளடக்கம் மனப்பாடம். "புதுசா இருந்தா புடிச்சுக்குவான், பழசுன்னா விட்டுருவான்." அதனால் போவதற்கு முன் வாங்கிய சேலைகளை எல்லாம் இரண்டு தடவை துவைத்துக் காயப்போட்டாராம். எவர்சில்வர் குண்டானை அடுப்பில் ஏற்றி அடியைக் கறுப்பாக்கினாராம். பொதுவாக நாம் பழசைப் புதுசாகக் காட்டத்தான் பாடுபடுவோம். எல்லை தாண்டுகிறவர்கள் புதுசைப் பழசாக்கப் பாடுபட்டார்கள். பாட்டி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கு முழுசாகச் சிரிப்பு வந்ததில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஆயர் ஈத்தாமிலிருந்து சிங்கப்பூரில் போய்க் கப்பலேறுகிறவர்களுக்கு அப்போது ஒன்றல்ல, இரண்டு எல்லை. 1965இல் சிங்கப்பூர் தனி நாடாகிவிட்டது. 1967இலிருந்து ஜொகூர் பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வந்துவிட்டது. முந்தின தலைமுறை பேருந்தில் தூங்கிக்கொண்டே கடந்த பாலத்தில், இவர்கள் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பட்டியல்: தையல் மிஷின் 1, சைக்கிள் 1, ரேடியோ 1, கம்பளி 4. பெரும்பாலும் கிராணியோ பள்ளிக்கூட வாத்தியாரோ எழுதிக் கொடுத்தது. தோட்டத்து வாழ்க்கை முழுவதையும் ஒரே தாளில் எழுதிய ஒரே ஆவணம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதில் இல்லாதவைதான் அதிகம். ஆடு, கோழி, லயத்துக்குப் பின்னால் போட்ட காய்கறிப் பாத்தி, சாமி மேடை எதுவும் பட்டியலில் ஏறாது. வந்த விலைக்குக் கொடுத்தார்கள், இல்லையென்றால் விட்டுப் போனார்கள்.

சின்னப் பாட்டியின் தையல் மிஷின் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "நிலம் இருக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. போனா நிலமும் இல்ல, கெணத்துல தண்ணியும் இல்ல" என்று பின்னால் சொன்னார். மிஷின்தான் சோறு போட்டது. அங்கே அவருக்குப் பெயரே 'மலாயாக்காரி'. இங்கே அந்நியர் என்று எழுதினார்கள். அங்கேயும் அதைத்தான் கூப்பிட்டார்கள்.

இது மலாயாவோடு முடிகிற கதை இல்லை. 1962 ராணுவ ஆட்சிக்கும் அடுத்து வந்த தேசியமயத்துக்கும் பிறகு பர்மாவிலிருந்து வந்த தமிழர்களுக்கு இந்தத் தகரப் பெட்டி பாக்கியமும் வாய்க்கவில்லை. நகையும் பணமும் அங்கேயே போயின. அவர்களில் சிலர்தான் 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி நடைபாதையில் கடை போட்டார்கள். அதுதான் பர்மா பஜார். எல்லையில் சாமானைப் பறிகொடுத்தவர்கள் எல்லை தாண்டி வந்த சாமானை விற்றுப் பிழைத்தார்கள். இலங்கையில் 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அவர்களும் தலைமன்னாரில் பெட்டியோடு கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ரங்கூன், தலைமன்னார், சிங்கப்பூர் என்று துறைமுகம் மாறினாலும் வரிசையில் நின்றவர்களின் கதை ஒன்றுதான்.

இன்று ஜொகூரில் பழைய துணி வேறு வழியாக வருகிறது. ஜப்பானிலிருந்து கண்டெய்னரில், இறுக்கிக் கட்டிய பேல்களாக. பண்டல் கடை என்றால் இளைஞர்களுக்குத் தெரியும். நானும் போவேன், பத்து வெள்ளிக்கு நல்ல ஜாக்கெட் கிடைக்கும். இந்தியாவில் அது சுலபமில்லை. உடுத்திய துணியை வியாபாரத்துக்கு இறக்க உரிமம் வேண்டும். உடுத்த முடியாதபடி கிழித்த கம்பளித் துணியாக இருந்தால் பானிப்பட் ஆலைகளுக்குப் போய், நூலாகி, மலிவுப் போர்வையாகும். அதாவது ஒரே சேலை பேலுக்குள் இருந்தால் கட்டுப்பாட்டுச் சரக்கு, பாட்டியின் பெட்டிக்குள் இருந்தால் சொந்த உடைமை. 2018இல் சீனா கதவை மூடியபிறகு மலேசியாவுக்குப் பழைய பிளாஸ்டிக் குவிந்தது. 2020 ஜனவரி வரை அதில் 150 கண்டெய்னரை இந்த நாடு திருப்பி அனுப்பிவிட்டது. எது சாமான், எது குப்பை என்பதை அந்தப் பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை. எல்லையில் உட்கார்ந்திருக்கிறவர் அதைப் பார்த்து எந்தச் சொல்லை எழுதுகிறார் என்பதும் தீர்மானிக்கிறது.

இதைத்தான் 1969க்கும் பொருத்திப் பார்க்கிறேன். சாமான்களுக்காவது ஒரு கேள்வி கேட்டார்கள்: எத்தனை காலம் புழங்கினாய்? நீண்ட காலம் என்று பதில் வந்தால் விட்டார்கள். அந்தக் கேள்வியை மனிதர்களிடம் கேட்டிருந்தால், நாற்பது வருஷம் இந்த மண்ணில் புழங்கியவர்களுக்கு அதுவே போதுமான அத்தாட்சியாக இருந்திருக்கும். கேட்கவில்லை. குண்டானின் கரியை நம்பிய அரசுகள் கைக்காய்ப்பை நம்பவில்லை.

போனவர்களில் பெரியவர்கள் இப்போது அநேகமாக இல்லை. ஆனால் பட்டியல்கள் எங்காவது இருக்கும், பழைய கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்தபடி, தஞ்சாவூரிலோ சேலத்திலோ ஒரு பரணில். நம் இலக்கியம் கப்பலேறி வந்ததை நிறையவே எழுதிவிட்டது. கப்பலேறிப் போனதை எழுத வேண்டுமானால் அந்தத் தாள்களிலிருந்து தொடங்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், "போனவங்க என்னென்ன எடுத்துட்டுப் போனாங்க?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அரசியல் கேட்டால் வாய் திறக்காதவர்கள்கூட, சாமான் கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள்.