ஜெஸ்ஸி ஜாக்சன் நிற்பாரா? 1983-இன் அந்த எட்டு மாதங்கள்

அமெரிக்காவில் ஒருவர் தேர்தலில் போட்டியிடுவதை 'ஓடுவது' என்பார்கள். நாம் 'நிற்பது' என்கிறோம். 1983-ஆம் ஆண்டுக் கோடை முழுக்கத் தென் மாநிலங்களின் கறுப்பினத் தேவாலயங்களில் 'ஓடு ஜெஸ்ஸி, ஓடு' என்ற முழக்கம் ஓயவில்லை. கறுப்பினத் தலைவர்கள் பலர் அதே மனிதரைப் பார்த்து 'நில்' என்றார்கள். நம் தேர்தல் அர்த்தத்தில் அல்ல.

ஒவ்வொரு தேர்தலிலும் நம் தோழர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: 'நீங்கள் தனியாக நின்றால் வாக்கு சிதறாதா? எதிரி உள்ளே வந்துவிட மாட்டானா?' ஜெஸ்ஸி ஜாக்சனிடமும் அதைத்தான் கேட்டார்கள். அதனால்தான் இந்தப் பழைய கதையை எடுக்கிறோம்.

கதை சிகாகோவில் தொடங்குகிறது. 1983 பிப்ரவரியில் அந்நகர மேயர் பதவிக்கு ஜனநாயகக் கட்சிக்குள் முதனிலைத் தேர்தல் நடந்தது. கறுப்பினத்தவரான ஹரோல்ட் வாஷிங்டன் நின்றார். தேசியத் தலைவர்களில் வால்டர் மாண்டேல் ரிச்சர்ட் டேலியை ஆதரித்தார். எட்வர்ட் கென்னடி ஜேன் பைர்னுக்காக வந்தார். கறுப்பின வாக்கு இல்லாமல் கரையேற முடியாத இரண்டு தாராளவாதிகள், கறுப்பின வேட்பாளரை விட்டுவிட்டு இரண்டு வெள்ளையரைத் தேர்ந்துகொண்டார்கள். வென்றவர் வாஷிங்டன். வெள்ளையர் வாக்கு இருவருக்கும் இடையே பிரிந்ததும் அதற்கு ஒரு காரணம். வாக்கு சிதறுவது எப்போதும் நமக்கு மட்டும்தான் கெடுதல் என்று யார் சொன்னது?

ஏப்ரலில் நடந்த பொதுத்தேர்தலில் அதே கட்சியின் வெள்ளை வாக்காளர்கள் பெருவாரியாகக் குடியரசுக் கட்சி வேட்பாளருக்குப் போட்டார்கள். வாஷிங்டன் மயிரிழையில்தான் தப்பினார். கட்சி விசுவாசம் யாரிடம் எதிர்பார்க்கப்படுகிறது, யாரிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை என்பதைச் சிகாகோவின் கறுப்பின மக்கள் அன்று கண்ணால் பார்த்தார்கள்.

அதன் பிறகுதான் 'அதிபர் வேட்பாளர் தேர்விலேயே ஒருவரை நிறுத்தினால் என்ன?' என்ற பேச்சு சூடுபிடித்தது. ஜாக்சனின் பெயர் முன்னால் வந்தது. நாற்பத்தொரு வயது பாப்டிஸ்ட் போதகர், எந்தத் தேர்தல் பதவியிலும் இருந்திராதவர். அட்லாண்டா மேயர் ஆண்ட்ரூ யங், டெட்ராய்ட் மேயர் கோல்மன் யங், கொரெட்டா ஸ்காட் கிங் ஆகியோர் மாண்டேல் பக்கம் நின்றார்கள். ரீகனை வீழ்த்துவதே முதல் வேலை, அதற்கு வெல்லக்கூடியவரின் பின்னால் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. அடிபட்டுச் சிறை கண்ட தலைமுறை அது. ஆனால் அவர்களின் கணக்கில் பட்டியலுக்கு வெளியே இருந்த மக்கள் இல்லை.

1980-இல் ரீகன் டென்னசியை வென்றது 5 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில். மிசிசிப்பியில் சுமார் 12 ஆயிரம், அலபாமாவில் சுமார் 17 ஆயிரம். வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லாத கறுப்பின மக்கள் அதைவிடப் பல மடங்கு. ஜாக்சன் நிற்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தெற்கே போனார். கூட்டத்தில் பெயர் பதியாதவர்களை எழுந்து வரச் சொன்னார். 'நிற்பாரா?' என்ற ஆவலோடு வந்த கூட்டம் படிவத்தோடு வரிசையில் நின்றது. பத்திரிகைகளுக்கு அது வெறும் ஊகச் செய்தி. தெற்கில் அது பட்டியல் சேர்க்கும் வேலை.

மிசிசிப்பியில் அன்று ஒருவர் இரண்டு முறை பதிய வேண்டும்: மாவட்ட அலுவலகத்தில் ஒன்று, நகர எழுத்தரிடம் இன்னொன்று. வண்டி இல்லாத கூலிக்காரருக்கு இது எத்தனை நாள் கூலி என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த ஜூனில் ரீகன் அரசின் சிவில் உரிமைத் துறைத் தலைவரையே டெல்டா பகுதிக்கு அழைத்துச் சென்று காட்டினார் ஜாக்சன். பின்னர் அவரது 'ஆபரேஷன் புஷ்' அமைப்பின் மிசிசிப்பி கிளை வழக்குத் தொடுத்தது. 1987-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த இரட்டைப் பதிவு முறையைச் சட்டவிரோதம் என்றது.

1983 நவம்பர் 3-ஆம் தேதி வாஷிங்டனில் ஜாக்சன் வேட்பாளராக அறிவித்தார். 1972-இலேயே இதே களத்தில் நின்ற ஷெர்லி சிஷோம் இம்முறை அவரை ஆதரித்தார். சிஷோம் நின்றபோது கறுப்பின ஆண் தலைவர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டதையும், கேரி நகர மாநாடு அவரை ஆதரிக்காமல் விட்டதையும் மறக்கக் கூடாது. (நம் தலித் பேந்தர்கள் பம்பாயில் உருவானதும் அதே 1972-இல்தான்.) ஒரு பெண்ணிடம் 'பொறு' என்று சொன்ன வாய்கள் சில, பதினோரு வருடம் கழித்து அதையே தாங்கள் கேட்க நேர்ந்தது.

ஜாக்சனிடம் குறை இல்லாமலில்லை. 1984-இன் தொடக்கத்தில் யூதர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லைத் தனிப்பேச்சில் பயன்படுத்தினார். முதலில் மறுத்து, பிறகு மன்னிப்புக் கேட்டார். ஒடுக்கப்பட்டவன் வாயிலிருந்து வந்தாலும் இழிசொல் இழிசொல்தான்.

வாக்கு சிதறியதா? மாண்டேலே வேட்பாளர் ஆனார். நவம்பரில் 49 மாநிலங்களில் தோற்றார். அந்தத் தோல்விக்கு ஜாக்சன் காரணம் என்று சொல்ல இடமில்லை. ஜாக்சனுக்கு முதனிலைத் தேர்தல்களில் 30 லட்சத்துக்கும் மேல், அதாவது 18 விழுக்காடு அளவுக்கு வாக்குகள் கிடைத்தன. மாநாட்டுப் பிரதிநிதிகளில் கிடைத்த பங்கோ அதைவிடக் கணிசமாகக் குறைவு. பெரும்பாலான இடங்களில் 20 விழுக்காட்டைத் தொடாதவருக்கு ஒன்றும் இல்லை என்ற விதி, வென்றவர் கையில் கூடுதலாக அள்ளிக் கொடுக்கும் விதி என்று பல இருந்தன. வாக்கு இருக்கும், இடம் இருக்காது. பூனா ஒப்பந்தத்தைப் படித்த தோழர்களுக்கு இந்த வலி புதிதல்ல.

1988-இல் மறுபடி நின்றார். சுமார் 69 லட்சம் வாக்குகள். மிச்சிகனை வென்றபோது சில நாட்கள் அவரே முன்னணி வேட்பாளர். வேட்பாளர் ஆனது டுகாகிஸ்தான். ஆனால் இம்முறை ஜாக்சன் தரப்பு விதிகளுக்காகப் பேரம் பேசியது. வென்றவர் எல்லாவற்றையும் அள்ளும் வழிகள் மூடப்பட்டன, 15 விழுக்காட்டைத் தாண்டினால் வாக்குக்கேற்ற பங்கு என்றானது. 2008-இல் ஹிலாரி கிளின்டனிடம் கலிஃபோர்னியா போன்ற பெரிய மாநிலங்களில் தோற்ற ஒபாமா, அங்கேயும் பிரதிநிதிகளைச் சேர்த்து முன்னேறியது இந்த விதியால்தான். ஜாக்சனுக்காக அந்தப் பேரத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஹரோல்ட் இக்கீஸ். 2008-இல் அவர் கிளின்டன் தரப்பில் பிரதிநிதிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.