ஜீப்புன்னா டீசல்தானா?

ஜீப் பிறந்தது பெட்ரோலில். இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி தயாரித்த வண்டியில் இருந்தது 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 60 குதிரைத்திறன். வட ஆப்பிரிக்காவின் மணலிலும் பர்மாவின் சேற்றிலும் போய்வந்தது அந்த என்ஜின்தான். ஆனால் இன்று சென்னையில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மயிலாப்பூரில் இருக்கும் என் சித்தப்பா சொல்வார்: “ஜீப்புன்னா டீசல்தாண்டா. பெட்ரோல் ஜீப்பெல்லாம் ஷோவுக்கு.” தரமணி ஆபீசில் என் பக்கத்து சீட்டுப் பையனும், அவனுக்கு வயது இருபத்தாறு, இதையேதான் சொல்கிறான். அவன் தார் வாங்கப் போகிறான்.

பெட்ரோலில் பிறந்த வண்டி எப்படி டீசல் சாதிக்கு மாறியது? என்ஜின் தொழில்நுட்பம் இதில் பாதிக் கதைதான். மீதிக் கதை பங்க் வாசலில் எழுதியிருக்கும் விலையில் இருக்கிறது.

1947-இல் மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்களைப் பாகம் பாகமாக இறக்குமதி செய்து கோக்க ஆரம்பித்தது. பிறகு வந்தது சிஜே-3பி. அதன் ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின் பழையதைவிட உயரம், அதனால் பானெட்டையே தூக்கிவைத்தார்கள். பழைய தமிழ்ப் படங்களில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கும் அந்த நெற்றி உயர்ந்த ஜீப்பின் முகம் ஒரு பெட்ரோல் என்ஜின் கொடுத்தது. போலீஸ், வனத்துறை, பொதுப்பணித்துறை, 1952-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் பிளாக் ஆபீசர்கள் என்று அந்தக் காலத்து ஜீப் பெரும்பாலும் சர்க்கார் வண்டி. ஓட்டுபவர் ஒருவர், பெட்ரோலுக்குக் காசு கொடுப்பவர் வேறொருவர். மைலேஜ் யாருடைய தூக்கத்தையும் கெடுக்கவில்லை.

டீசல் அப்போதே சென்னையில் இருந்தது. 1840-இல் தொடங்கிய, குதிரைவண்டி செய்துவந்த சிம்சன் கம்பெனி, 1950களில் செம்பியத்தில் பெர்கின்ஸ் டீசல் என்ஜின்களைத் தயாரித்தது. ஆனால் அவை லாரிக்கும் பஸ்ஸுக்கும், பின்னால் டிராக்டருக்கும் போயின. டீசல் என்றால் உழைக்கிற வண்டி, பெட்ரோல் என்றால் உட்கார்ந்து போகிற வண்டி. அரசும் அப்படித்தான் பார்த்தது. பஸ் டிக்கெட், அரிசி மூட்டையின் லாரி வாடகை, வயலில் ஓடும் பம்ப்செட் எல்லாம் டீசலை நம்பியிருந்ததால் அதன் விலையைக் கீழே பிடித்துவைத்தார்கள். பெட்ரோல் வசதியானவர்களின் எரிபொருள், வரி போடலாம்.

1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. சில மாதங்களில் கச்சா எண்ணெய் பேரலுக்கு 3 டாலர் சொச்சத்திலிருந்து 12 டாலரை நெருங்கியது. சொந்தக் காசில் ஜீப் வைத்திருந்த எஸ்டேட்காரரும் காண்ட்ராக்டரும் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். 1970களின் நடுவில் மகிந்திரா ஒரு டிராக்டர் என்ஜினை ஜீப்புக்குள் இறக்கியது. 80களில் பியூஜோவின் 2112 சிசி டீசல் வந்தது. நாம் சின்ன வயதில் கேட்ட அந்தத் ‘தடதட’ சத்தம் இப்படித்தான் ஜீப்பின் குரலானது.

இதே காலத்தில் எரிபொருள் காசைப் பற்றிக் கவலைப்படாத ஒருவர் என்ன வாங்கினார்? இந்தியாவில் ராணுவத்தைவிடக் கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டுபவர் யாருமில்லை. அவர்களுடைய ஜோங்கா, ஜபல்பூரில் தயாரான நிசான் வண்டி, கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல். 1991 முதல் அவர்கள் வாங்கிய மாருதி ஜிப்சியும் பெட்ரோல். எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கீழே, கடுங்குளிரில் சுலபமாக ஸ்டார்ட் ஆகும், மாட்டிக்கொண்டால் நாலு பேர் தள்ளி எடுக்கலாம். 2017-இல் 3192 சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஒப்பந்தம் போட்டபோதுதான் அந்த வரிசையில் டீசல் வந்தது. 800 கிலோ சுமக்க வேண்டும், கூரை வேண்டும், ஏசி வேண்டும் என்று தேவை மாறிவிட்டது. ஆக, சுமை ஏறினால் டீசலுக்கு நியாயம் இருக்கிறது. மலை, சேறு என்பதற்காக மட்டும் இல்லை.

தொழில்நுட்பத்தின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். டீசல் என்ஜின் காற்றை மட்டும் கடுமையாக அழுத்திச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் எதுவும் கிடையாது. தண்ணீர் தெறித்து நின்றுபோன பழைய பெட்ரோல் ஜீப்பைப் பார்த்தவர்கள் டீசலைக் கும்பிட்டதில் தப்பில்லை. குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் இழுவையும் அன்று டீசலின் சொத்து. இன்று இரண்டுமே கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடுகின்றன. 2020-இல் வந்த தார் மேனுவல் வண்டியில் பெட்ரோலும் டீசலும் ஒரே 300 நியூட்டன் மீட்டர் டார்க் தருகின்றன. பெட்ரோலுக்கு அது 1250 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கிறது, டீசலுக்கு 1600-இல். தண்ணீரில் இறங்க கம்பெனி சொல்லும் ஆழம் 650 மில்லிமீட்டர். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது தெருவில் நின்ற தண்ணீர் வண்டிக்குள் என்ன எரிபொருள் என்று கேட்கவில்லை. காற்றை உறிஞ்சும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

விலைக்கு வருவோம். 2012 மே மாதம் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 77 ரூபாயைத் தாண்டியது, டீசல் 44 ரூபாய்க்குள் இருந்தது. விவசாயிக்கும் பஸ் பயணிக்கும் என்று குறைத்த விலையில் பாண்டி பஜாரில் எஸ்யூவிகள் பார்க்கிங் தேடிச் சுற்றின. அடுத்த மாதமே, 2012 ஜூனில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்தது. காசு மிச்சமானது வண்டிக்காரருக்கு. புகை போனது ரங்கநாதன் தெரு முனையில் பஸ்ஸுக்கு நின்றவரின் நெஞ்சுக்கு. ‘ஜீப்புன்னா டீசல்’ என்று கம்பீரமாகச் சொல்லும்போது இந்தப் பில்லை யார் கட்டினார்கள் என்பதை நாம் சேர்த்துச் சொல்வதில்லை.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. இப்போது சென்னையில் இரண்டுக்கும் இடையே எட்டு ரூபாய் சொச்சம்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டது. அதுவரை டீசலாகவே விற்ற தாரில் அதே ஆண்டு பெட்ரோல் வந்தது. 2023-இல் வந்த ஜிம்னி பெட்ரோல் மட்டும்தான். அதன் டார்க் 134, பழைய வில்லிஸின் 142-க்குப் பக்கத்தில். இரண்டையும் மேடேற்றுவது லோ ரேஞ்ச் கியர்தான்.

பக்கத்து சீட்டுப் பையனுக்கு ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தேன். பெட்ரோல் லிட்டருக்கு 10 கிலோமீட்டர், டீசல் 13 என்று வைத்துக்கொள்வோம். 2012-இல் டீசல் வண்டியின் எரிபொருள் செலவு பெட்ரோலில் பாதிகூட இல்லை. இன்று பத்தில் ஏழு பங்கு. வருடம் 20,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கும், நிறைய சுமை ஏற்றுபவருக்கும் அது இன்னும் பெரிய மிச்சம். அவன் ஓட்டப்போவது அடையாறிலிருந்து தரமணிக்கு, ஞாயிற்றுக்கிழமை தி.நகருக்கு, வருடத்தில் இரண்டு தடவை கொல்லிமலைக்கு. புது டீசலில் கரித்துகளைப் பிடிக்க ஒரு வடிகட்டி உண்டு. நீண்ட, சீரான ஓட்டத்தில்தான் அது சூடேறி, சேர்ந்த கரியை எரித்துக்கொள்ளும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊரில் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு போடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அந்த வண்டி சிரிக்காமல் ஏறிவிடும். திணறப்போவது எல்.பி. ரோட்டில்.

“அண்ணா, ஆனா அந்த சவுண்டு?” என்றான். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. நாற்பது வருஷம் மலிவாகக் கிடைத்த ஒன்றின் சத்தம், நம் காதில் வீரமாகப் பதிந்துவிட்டது.