மாவடுக் காலம்

பங்குனி பிறந்து, வைகையில் ஓடிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரும் மணலுக்குள் இறங்கிவிட்ட பிறகு, அழகர்மலை அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாகக் கூடை கொண்டுவரும் பெண்கள் எங்கள் தெருவில் ‘வடு, மாவடு’ என்று குரல் கொடுக்கும் காலை ஒன்று உண்டு. அந்தக் குரல் கேட்டுவிட்டால் என் அப்பத்தா கைவேலையை அப்படியே போட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். கூடையை இறக்கச் சொல்லி, ஒரு வடுவை எடுத்து நகத்தால் கீறிப் பார்ப்பாள். கொட்டை கட்டியிருக்கக் கூடாது. கீறிய இடத்தில் பால் துளிர்க்க வேண்டும். காம்பு சிறிதாவது ஒட்டியிருக்க வேண்டும். காற்றுக்கு உதிர்ந்ததாக இராமல் கையால் பறித்ததாக இருக்க வேண்டும். இவ்வளவிலும் தேறிய வடுவுக்குத்தான் எங்கள் வீட்டுப் படி உள்ளேயிருந்து வெளியே வரும்.

இது ஏதோ எங்கள் குடும்பத்துப் பழக்கம் என்றே பள்ளிப் பிராயத்தில் எண்ணியிருந்தேன். பின்னாளில் பத்துப்பாட்டைப் படிக்க நேர்ந்தபோது, அதில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழியில் எந்தெந்த வீட்டில் என்னென்ன உணவு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு வருமிடத்தில், அந்தணர் மனையில் சோற்றுடன் மாவடு ஊறுகாய் பரிமாறப்படுவதைக் கண்டு புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். மாமரத்தை அவர் கொக்கு என்கிறார். வடுவை வடி என்கிறார். பெயர்கள்தாம் வேறு, பண்டம் எங்கள் வீட்டுப் பண்டமே. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று அறிஞர் கருதும் அந்த நூலை, உ. வே. சாமிநாதையர் ஏடுகள் தேடி ஒப்புநோக்கி, 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றியிராவிட்டால், ஜாடிக்குள் கிடக்கும் இந்தச் சிறு காய்க்கு இத்தனை நீண்ட வம்சாவளி உண்டென்பது என் போன்றவர்களுக்குத் தெரிய வழியே இருந்திராது.

அதே இடத்தில் புலவர் சொல்லும் மற்றொரு பண்டத்தையும் கவனிக்க வேண்டும். மாதுளம்பிஞ்சைப் பிளந்து, மிளகும் கறிவேப்பிலையும் கலந்து, வெண்ணெயில் பக்குவம் செய்கிறார்கள். காரத்துக்கு மிளகு, மிளகாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, இருக்கவும் முடியாது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பிறகு, போர்த்துகேசியர் கப்பல்களின் வழியே 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்தது மிளகாய். மிளகைப் போல் உறைக்கும் காய் என்று அதற்குப் பெயரிட்டு வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள் நம் முன்னோர். மேற்கு மலைகளில் விளைந்து, கடல் கடந்து போகும் சரக்காகிய மிளகை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இதுவோ கொல்லையிலும் ராமநாதபுரத்து வானம் பார்த்த பூமியிலும் காய்த்துத் தள்ளியது. இன்று மிளகாய் சேராத மாவடுவை நாம் மாவடு என்றே ஒப்புக்கொள்ளமாட்டோம். ஆனால் வடுவின் ஆயுளில் மிளகாய் நேற்று வந்த விருந்தாளி. அதற்கு முன் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வடுவைக் காத்து நின்றது உப்பு ஒன்றுதான். 14ஆம் நூற்றாண்டில் இந்நாட்டைச் சுற்றி வந்த இபன் பதூதாவும், மாங்காயை எலுமிச்சை போல உப்பிலிட்டு உணவுடன் உண்பதைத் தம் பிரயாண நூலில் குறித்திருக்கிறார்.

உப்பு என்ன செய்கிறது என்பதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை; ஜாடியைக் குலுக்கி அறிந்தேன். வடுவைக் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெய் தொட்டு ஒவ்வொன்றின் மேலும் மினுக்கம் ஏறும்படி உருட்டியெடுத்து, ஒரு அடுக்கு வடு, ஒரு அடுக்குக் கல்லுப்பு என்று ஜாடி நிறையப் போட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிவிடுவாள் அப்பத்தா. படி வடுவுக்கு அரைக்கால் படி உப்பு என்பது அவள் கணக்கு. அதற்குமேல் அது என் பொறுப்பு. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் குலுக்க வேண்டும். முதல் நாள் கூழாங்கல்லைக் குலுக்குவது போல் கடகடவென்று சத்தம் வரும். மூன்றாம் நாள் சத்தம் மந்தமாகி, அடியில் நீர் சலசலக்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாதிருக்க, வடு தன்னுள் இருந்த நீரையே உப்புக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கத் தொடங்கியிருக்கும். ஒரு வாரம் போனால், பச்சை நிறம் மங்கி, தோல் சுருக்கம் விழுந்து, கிழவி கன்னம் போல ஆகிவிடும். அந்த நீரை வடித்து, அதிலேயே கடுகையும் மிளகாயையும் மஞ்சளையும் அம்மியில் அரைத்துத் திரும்ப ஊற்றும் நாளில், கடுகின் நெடி முற்றம் வரை வந்து கண்ணைக் கரிக்கும். “கை ஈரமா இருந்தா ஜாடிகிட்டே வராதய்யா” என்று அவள் சொல்லாத நாளில்லை. ஒரு துளித் தண்ணீர் பட்டாலும் மேலே பூஞ்சணம் பூத்து, ஒரு வருஷத்துக்கான வடு முழுதும் வீணாகிவிடும் அல்லவா?

வீட்டுக்கு வீடு இப்படிப் படிக்கணக்கில் உப்புச் செலவாகும் மாதங்கள் பங்குனியும் சித்திரையும். உப்பளங்களில் உப்பு விளைந்து குவிவதும் அந்த வெயிலில்தான். 1930இல் உப்பு வரியை எதிர்த்து ராஜாஜி சுமார் 100 தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டது ஏப்ரல் 13ஆம் தேதி, சித்திரை பிறப்பை ஒட்டி. கடற்கரையில் தடையை மீறி உப்பெடுத்துக் கைதானது ஏப்ரல் 30. அந்த யாத்திரையைத் தேசபக்தியின் வீரச்செயலாக எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், அது நியாயமே. எனினும், அது ஊறுகாய் போடும் பருவத்தில் நடந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சோற்றுக்குப் போடும் உப்பு சிட்டிகைக் கணக்கு. ஜாடிக்குப் போடும் உப்போ படிக்கணக்கு. தொட்டுக்கொள்ள வேறொன்றும் இல்லாமல், பழைய சோற்றுக்கு ஒரு வடுவை நம்பியிருந்த ஏழைக் குடும்பத்தை அந்த வரி எங்கே தீண்டியது என்பது ஜாடியை எண்ணினால் விளங்கும். 1947இல் அந்த வரி ஒழிந்தது.

மண்சாடி போய்ப் பீங்கான் ஜாடி வந்தது. அம்மி போய் மின்சார யந்திரம் வந்தது. இவற்றால் வடுவுக்குக் குறை ஒன்றுமில்லை. நான் அஞ்சுவது மரத்தைக் குறித்து. ஒட்டுமரத் தோப்புக்காரர் பிஞ்சில் பறிக்கச் சம்மதிக்கமாட்டார். பழத்துக்கல்லவா அவருக்கு விலை? வடுவுக்கு உகந்தவை, யாரோ தின்று எறிந்த கொட்டையிலிருந்து சாலையோரத்திலும் கண்மாய்க் கரையிலும் தாமாக முளைத்து, ஆளுயரம் பல கடந்து ஓங்கி, ஒரு வருஷம் கொத்துக் கொத்தாய்க் காய்த்து மறுவருஷம் ஓய்ந்திருக்கும் நாட்டு மரங்களே. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் விழுபவையும் அவைதாம். சென்ற பங்குனியில் கூடை கொண்டுவந்த பெண்ணிடம், வடு ஏன் இவ்வளவு குறைச்சல் என்று கேட்டேன். “ரோட்டோரத்து மரமெல்லாம் போயிருச்சுய்யா, இது மலைக்குள்ள போயி எடுத்தது” என்றாள்.

எங்கள் கொல்லையில் கிணற்றடிக்கு அப்பால் ஒரு மரம் நிற்கிறது, யாரும் நட்டதில்லை. அதன் வடு நீளமானது, ஜாடியில் சீக்கிரம் குழைந்துவிடும் என்று சொல்லி, அப்பத்தா இருந்தவரை அதில் ஒன்றையும் உப்பிலிட்டதில்லை. இரண்டு வருஷமாக எங்கள் ஜாடிக்கு அந்த மரத்து வடுதான்.