சூடிய மாலையும் வாழ்ந்த வீடும்

இறைவனுக்குரிய மலரை முன்னதாக முகர்தலும் கூடாது என்பது ஆலய நெறி. பிறர் அணியாத புதுமலரே பூசைக்கு உரியது. அந்நெறி மீறப்பட்டதனாலேயே பெருமை பெற்ற தலம் திருவில்லிபுத்தூர்.

நந்தவனம் அமைத்து வடபத்திரசாயிக்கு மாலை தொடுத்து வந்தார் பெரியாழ்வார். அம்மாலையை மகள் கோதை தான் சூடி அழகு பார்த்த பின்னரே அனுப்புவதை ஒருநாள் கண்டு கடிந்தார். அவள் சூடியதே தமக்கு உவப்பானது என்று பெருமாள் அவர் கனவில் உணர்த்தினார் என்பது வைணவ குருபரம்பரை கூறும் செய்தி. பன்னிரு ஆழ்வாருள் ஒரே பெண்ணாகிய கோதைக்குச் 'சூடிக்கொடுத்த சுடர்க்கொடி' என்பது பெயராயிற்று. தந்தை பிழையெனக் கடிந்த செயலே மகளுக்குப் புகழ்ப்பெயர் தந்தது.

அன்றைய மீறல் இன்றைய வழக்கமாகிவிட்டது. புரட்டாசிப் பிரமோற்சவத்தில் திருப்பதிக் கருட சேவைக்கும், சித்திரையில் வையையில் இறங்கும் அழகருக்கும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை செல்கிறது. மார்கழியில் திருமலையில் வடமொழிச் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் தமிழ்த் திருப்பாவை ஒலிக்கிறது. பிற தலங்களில் சந்நிதிக்கு எதிரே நிற்கும் கருடாழ்வார், திருவில்லிபுத்தூரில் கருவறையினுள்ளேயே ரங்கமன்னாருடனும் ஆண்டாளுடனும் ஒருசேர நிற்கிறார்.

தென்காசிச் சாலையில் அடுத்து வருவது இராஜபாளையம். அவ்வூரினர் பூ. ச. குமாரசுவாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை அரசின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராக விளங்கியவர். வீடு வழித்தோன்றலைச் சேர்வது உலகியல். அவரோ தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலைமன்றத்திற்கு ஈந்தார். 1957இல் அவர் மறைந்தார். வீடு ஊருக்குரியதாக நிலைத்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே நூற்றாண்டுகள் பல உள்ளன. ஒன்று பத்தி நெறியைச் சார்ந்தது. மற்றொன்று பொதுவாழ்வைச் சார்ந்தது. எனினும் உள்ளுறை ஒன்றே. தீண்டாததே தூய கொடை என்பது பொதுவிதி. சூடிய மாலையும் வாழ்ந்த வீடும் அவ்விதியை மறுக்கின்றன. கொடுப்பவரின் வாழ்வு படிந்த பொருள் பெறுபவர்க்குக் குறைவுடையதன்று. அதுவே நிறைவுடையது என அவை உணர்த்துகின்றன.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. மீறலை ஏற்றுக்கொண்ட சமுதாயம் அதனை முழுமையாக ஏற்றதா? முப்பது பாடல்களாலான திருப்பாவை வீடுதோறும் பாடப்படுகிறது. 143 பாடல்களைக் கொண்ட நாச்சியார் திருமொழியிலோ பலரும் அறிந்தது, வைணவத் திருமணங்களில் ஓதப்பெறும் திருமணக் கனவுப் பதிகம் ஒன்றே. மானிடரை மணக்க மறுத்த உறுதியும், உடலின் வேட்கையை ஒளிவின்றி உரைத்த துணிவும் எஞ்சிய பாடல்களிலேயே மிகுதியும் உள்ளன. மாலையைக் கொண்டாடும் ஊர்கள், அதனைச் சூடிய பெண்ணின் குரலில் ஒரு பகுதியை மட்டுமே செவிமடுக்கின்றன. நெறியை மீறிய பெண்ணைத் தெய்வமாக வணங்குவது எளிது. கவிஞராகக் கேட்பது அரிது.

பவணந்தியார் மொழியில் கால மாற்றத்தைக் குற்றமன்று என்றார். வாழ்வுக்கும் அது பொருந்தும். பத்தாண்டு நிறைவு செய்யும் இலக்கிய வட்டம் ஒன்று, நாச்சியார் திருமொழியை முதல் பாடல் தொடங்கி இறுதி வரை ஓர் அமர்வில் விடாது வாசிக்குமாயின், அது அக்கவிஞர்க்குரிய சிறந்த மாலையாகும்.