கோளும் கோலும்: விண்வெளிச் சித்திரக்கதையும் பெயர்த்தலின் சிக்கல்களும்

புதுதில்லியில் 1921ஆம் ஆண்டு கட்டப்பெற்ற சந்தைக் கட்டடத்தின் வட்ட அமைப்பே அப்பகுதிக்குக் கோல் மார்க்கெட் என்னும் பெயரைத் தந்தது. இந்தியில் ‘கோல்’ வட்டத்தைக் குறிக்கும். அதனைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ஊன்றுகோலும் செங்கோலும் நினைவுக்கு வருகின்றன, வட்டம் மறைந்துவிடுகிறது. அச்சொல்லின் வடமொழி மூலம் தமிழில் ‘கோளம்’ என வழங்குகிறது. வானில் சுழலும் ‘கோள்’ என்பதோ ‘கொள்’ என்னும் வினையடியாகப் பிறந்த வேறு சொல். ஒலி நெருங்கியும் பொருள் விலகியும் நிற்கும் இத்தகைய இடங்களே விண்வெளிச் சித்திரக்கதைகளை மொழிபெயர்ப்போருக்கும் இடர் தருவன.

அலெக்ஸ் ரேமண்ட் படைத்த ‘ஃபிளாஷ் கார்டன்’ 1934 ஜனவரி 7ஆம் நாள் அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கியது. 1929இல் தோன்றிய ‘பக் ராஜர்ஸ்’ பெற்ற வரவேற்பைக் கண்டு கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. மோங்கோ என்னும் கோளும், அதனை ஆளும் மிங் என்னும் கொடுங்கோலனும் இக்கதையின் அடித்தளம். இந்தியாவில் இவ்வீரனைப் பரவலாக அறிமுகப்படுத்தியது, டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கி 1990 வரை வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸ் ஆகும். அது தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளிலும் வெளிவந்தது.

அவ்வெளியீட்டில் பெயராக்கம் ஒரே நெறியில் அமையவில்லை. காட்டு வீரனான ஃபேன்டம் இந்தியில் ‘வேதாள்’ ஆனான். வங்காளத்தில் ‘அரண்யதேவ்’ ஆனான். வேதாளக் கதை மரபும் வனதெய்வ நம்பிக்கையும் அவனுக்கு இடமளித்தன. விண்வெளி வீரனோ ஃபிளாஷ் கார்டனாகவே நின்றான். புட்பக விமானம் அறிந்த மரபில் அவனுக்கு உள்நாட்டுப் பெயர் சூட்டுவது இயலாததன்று. எனினும் புராணப் பெயரிட்டிருந்தால் அறிவியல் புனைவு தெய்வக் கதையாக மாறியிருக்கும். அயற்பெயரைக் காத்தது இவ்வகையில் கதையின் இயல்பையும் காத்தது. அதற்கு விலையும் உண்டு: தமிழ் எழுத்தில் ‘கார்டன்’ தோட்டத்தையும் குறிக்கக்கூடும்.

பொதுப்பெயர்களின் நிலை மேலும் நுட்பமானது. ‘கிரகம்’, ‘கோள்’ ஆகிய இரண்டும் பற்றுதல் என்னும் ஒரே கருத்தினின்று தோன்றியவை. முன்னது வடமொழி வேரினது, பின்னது தமிழ் வேரினது. ‘கிரகம்’ என்றால் சோதிடத்தின் நிழல் விழுகிறது. ‘கோள்’ அதனின்றும் தப்பவில்லை என்பதற்கு ஞானசம்பந்தரின் கோளறு பதிகம் சான்று. புறங்கூறுதலையும் அச்சொல் குறிக்கும். சங்க இலக்கியத்தின் ‘கோண்மீன்’ ஐயத்திற்கு இடமற்றதாயினும் சிறுவர் வழக்கில் இல்லை. உரைநடை மொழிபெயர்ப்பாளர் ஒரு தொடரைச் சேர்த்து ஐயத்தைத் தீர்க்கலாம். சித்திரக்கதையில் பேச்சுக்குமிழின் பரப்பு அதற்கு இடந்தராது. அங்கே பொருளை நிறைவு செய்வது அருகிலுள்ள படமே. வளையம் சூழ்ந்த உருண்டை ஒன்று வரையப்பட்டிருந்தால் ‘கோள்’ எதனைக் குறிக்கிறது என்று எச்சிறுவனும் அறிவான். ஆகவே இவ்வகை நூல்களில் சொல்லும் படமும் சேர்ந்தே மொழிபெயர்ப்பின் அலகாகின்றன.

கோல் மார்க்கெட்டை அடுத்த மந்திர் மார்க்கில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உள்ளது. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் கேட்டு வளரும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் பாடநூலோடு நின்றுவிடும் நிலை எளிதில் நேரும். தன் விருப்பத்தால் எடுத்துப் படிக்கும் நூல் அவ்வெல்லையை விரிக்கிறது. ஃபிளாஷ் கார்டன் 2023 அக்டோபரில் டான் ஷ்கேட் கைவண்ணத்தில் புதிய நாள்தொடராக மீண்டும் தொடங்கியது. அதனை இனித் தமிழாக்குவோர்க்கு முன்னைய இதழ்களே முதற் சொற்பட்டியல். மலிவான தாளில் அச்சாகி எளிதில் அழியும் அவற்றைத் தொகுத்து, சொல்லோடு படத்தையும் சான்றாகப் பதிவு செய்தல் அகராதியியலாரின் கடமையாகும்.