தடுப்பதும் ஒரு கலை

அம்பாங் என்ற பெயர், அணையைக் குறிக்கும் 'எம்பாங்கான்' என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பர். ஈயம் தோண்டியவர்கள் ஓடையை மறித்து, நீரைத் தமக்கு வேண்டிய பக்கம் திருப்பினார்கள். ஆகவே, மறிப்பது வழியை அடைப்பதற்கு மட்டுமன்று, வழியைத் திறப்பதற்கும்தான். விளையாட்டிலும் இதைக் காணலாம்.

அமெரிக்காவில் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஒருவகைக் கால்பந்து உண்டு. பக்கத்துக்குப் பதினொருவர். முன்வரிசையின் நடுவில் நிற்பவர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்தவுடன், அவ்வரிசையினர் எதிரிகளை நெட்டி ஒதுக்குவர். அந்த இடைவெளியில் ஓட்டக்காரர் நுழைந்து ஓடுவார். கைதட்டல் அவருக்கு, வழி திறந்தவர்களோ மற்றவர்கள்.

இந்தத் தடுப்பு ஒருகாலத்தில் உயிரைக் குடித்தது. 1892-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக அணியினர் ஆப்புப்போல் திரண்டு பாய்ந்து, எதிரணியின் ஓரிடத்தில் மோதினர். 1894-இல் அம்முறை விலக்கப்பட்டும் முரட்டாட்டம் ஓயவில்லை. 1905-இல் மட்டும் குறைந்தது 18 பேர் மாண்டனர். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. 1910-இல், ஓட்டக்காரருக்கு அரணாகக் கைகோத்து ஓடுவது தடை செய்யப்பட்டது.

நம் தோட்டத்துச் சடுகுடுவை எண்ணிப் பாருங்கள். பாடிச் செல்பவருக்கு வழி திறந்துவிட ஆளில்லை. மூச்சு ஒன்றே துணை. எதிரே எழுவர் கைகோத்து வளைப்பர். அங்கே விலக்கப்பட்ட கைகோப்பு, இங்கே ஆட்டத்தின் உயிர். ஆனால் வாயைப் பொத்துவதும், கழுத்தை நெரிப்பதும், வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே தள்ளுவதும் குற்றம். 1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. 1982-இல் புதுடில்லி ஆசிய விளையாட்டுகளில் கபடி காட்சி ஆட்டமாக ஆடப்பட்டது. 1990-இல் பெய்ஜிங்கில் பதக்கத்துக்குரிய ஆட்டமாக உயர்ந்தது. லயத்து வாசலில் ஆடிய ஆட்டத்துக்கு அந்த மதிப்பைத் தந்தது ஒழுங்கான விதியே.

அம்பாங் வட்டாரத்தில் பால்மரங்கள் நின்ற இடங்களில் இன்று வீடுகள் எழுந்துவிட்டன. பல தோட்டத் திடல்களும் மறைந்துவிட்டன. மிஞ்சிய திடல்களில் பிள்ளைகளுக்குச் சடுகுடு பழக்கும் பெரியவர்களே, எப்படிப் பிடிப்பது என்பதற்கு முன், எங்கே பிடிக்கக் கூடாது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். பிடிபட்டவனும் பிடித்தவனும் ஒன்றாக வீடு திரும்பினால்தான் அது விளையாட்டு.