தாழியும் சட்டியும்: கிழக்குக் கரையின் முதல் உழவர் மட்பாண்டங்கள்

திருகோணமலையின் பாலையூற்றிலிருந்து மட்டக்களப்புச் சாலையில் தெற்கே போனால் கிண்ணியா, மூதூர், வெருகல் தாண்டிக் கதிரவெளி வரும். பெருங்கற்கால ஈமச் சின்னங்களுக்காக ஆய்வாளர் அடிக்கடி குறிப்பிடும் ஊர் அது. ஈமத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்தப் பண்பாட்டு மக்கள் உயிரோடிருந்தபோது எதில் சோறாக்கினார்கள், விதைநெல்லை எதில் வைத்தார்கள் என்ற கேள்விக்கு நம் ஆய்வுலகம் கொடுத்த இடம் குறைவு. இக்கட்டுரை அந்தப் பக்கமாகப் பார்க்கிறது.

உழவும் பானையும் எங்கும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. யப்பானின் யோமோன் மக்கள் வேளாண்மைக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே மண்கலம் சுட்டார்கள். மேற்காசியாவின் எரிக்கோ நகரிலோ பானையே இல்லாமல் பயிர் செய்தார்கள். தென்னிந்தியாவில் புதிய கற்காலத்து உழவர் கையால் வனைந்து மெருகிட்ட சாம்பல் நிறக் கலங்களைப் புழங்கினர். கருநாடகத்துப் பிரமகிரி, சங்கனகல்லு, தமிழ்நாட்டுப் பையம்பள்ளி ஆகிய இடங்களில் அவை கிடைத்துள்ளன. கொள்ளும் பயறும் சிறுதானியமும் அவர்களுடைய உணவு. கொள்ளை வேகவைக்க நெடுநேரம் அடுப்பில் நிற்கும் கலம் வேண்டும் என்பதைச் சமைத்துப் பார்த்தவர் அறிவர்.

இலங்கையின் கதை வேறு. அநுராதபுரத்தின் உட்கோட்டைப் பகுதியில் சிரான் தெரணியகல 1969 முதல் நடத்திய அகழாய்வுகளில், இடைக்கற்கால வேட்டுவரின் கற்கருவிகளுக்கு மேலே இரும்பும் நெல்லும் மாடும் குதிரையும் கறுப்புச் சிவப்பு மட்பாண்டமும் சேர்ந்தே தோன்றின. காலம் ஏறத்தாழ கி.மு. 900. தென்னிந்தியாவில் படிப்படியாக நடந்த மாற்றம், இங்கே முழுத் தொகுதியாக வந்திறங்கிய தோற்றத்தைத் தருகிறது. ஆகவே இந்நாட்டின் முதல் உழவரைப் பற்றிப் பேசுவதென்றால் பெரும்பாலும் இரும்புக் காலத்தவரைப் பற்றித்தான் பேசவேண்டும்.

அந்தக் கறுப்புச் சிவப்புக் கலத்தின் ஓடொன்றைக் கையிலெடுத்தால் உட்புறமும் வாய்விளிம்பும் கரியதாக, வெளிப்புறம் செம்மையாக இருக்கும். இது பூச்சுவேலை அல்ல, சூளையின் வேலை. கலத்தைக் கவிழ்த்து அடுக்கிச் சுடுகையில் வெளிப்புறத்துக்குக் காற்று கிடைக்கிறது. மண்ணிலுள்ள இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து சிவக்கிறது. உட்புறத்திலும் மண்ணில் புதைந்த விளிம்பிலும் காற்று முடங்குவதால், இலை, உமி போன்றவற்றின் கரி மண்ணின் நுண்துளைகளில் படிகிறது. இருமுறை சுட்டார்கள் என்று சொல்லும் ஆய்வாளரும் உண்டு. எனக்குக் கவிழ்த்துச் சுடும் முறையே பொருத்தமாகப் படுகிறது. விளிம்பில் கறுப்பு ஒழுங்கில்லாமல் ஏறி இறங்குவது அதற்குச் சான்று. கரி படிந்த உட்புறம் நீர் கசிவதைக் குறைக்கும், கூழாங்கல்லால் தேய்த்த மெருகும் அப்படியே. அழகுக்கென்று நாம் நினைக்கும் கறுப்பு சமையலுக்கும் உதவியிருக்கிறது.

வனைதலிலும் இதே நுணுக்கம் உண்டு. வெறும் களிமண் காயும்போது வெடிக்கும். அதனால் மணலோ உமியோ கலந்து பிசைவார்கள். சிறு கலங்களைச் சக்கரத்திலேயே முடித்துவிடலாம். பெரிய பானைக்கும் தாழிக்கும் அது போதாது. உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெல்லிதாக்க வேண்டும். அடி உருண்டையாக வருவதும் இந்தத் தட்டலில்தான். உருண்டை அடியில் மூலை இல்லாததால் நெருப்பின் சூடு சீராகப் பரவும், விரிசல் விழாது. மூன்று கல் அடுப்பில் அது அசையாமலும் உட்காரும்.

கலங்களின் வடிவம் உணவைச் சொல்லும். அகன்ற வாயுள்ள வட்டில்களும் கிண்ணங்களும் சோறு, கூழ் போன்றவற்றுக்கு ஏற்றவை. வாய் குறுகிய பானை தண்ணீருக்கும் தானியத்துக்கும். வடகீழ்ப் பருவமழையை நம்பி வாழும், மூதூரைச் சூழ்ந்த கொட்டியாரம் போன்ற பகுதியில் மாரியில் விளைந்ததை அடுத்த மாரிவரை காக்கவேண்டும். எலிக்கும் ஈரத்துக்கும் எட்டாத சேமக்கலம் அங்கே கலப்பைக்குச் சமமான உழவுக்கருவி. மகாவலியின் கிளையான வெருகலாற்று வண்டலும் சேருவிலைச் செப்புக் கனிமமும் அருகில் இருக்க, கதிரவெளிப் பக்கம் மக்கள் குடியேறியதில் வியப்பில்லை.

ஈமத்தாழி இந்தச் சேமக்கலத்தின் மறுபிறவி என்றே கருதுகிறேன். வில்பத்துக் காட்டிலுள்ள பொம்பரிப்பில் 1956இல் தொல்லியல் திணைக்களமும் 1970இல் விமலா பெக்லியின் குழுவும் அகழ்ந்தபோது, தாழிகளுக்குள் எலும்புகளோடு கறுப்புச் சிவப்புக் கிண்ணங்களும் கிடைத்தன. மன்னார்க் குடாவுக்கு அப்பால் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றுக்குள்ள ஒற்றுமையைப் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். தாமிரபரணிப் பகுதியின் சிவகளையில் தாழியொன்றில் இருந்த நெல்லுமிக்குக் கணிக்கப்பட்ட காலம் கி.மு. 1155. பழனிக்கு அருகே பொருந்தலில் கா. ராஜன் 2009இல் கண்ட நாற்கால் சாடியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது, காலம் கி.மு. 490. இறந்தவருக்கும் பசிக்கும் என்று நம்பியவர்கள், அடுக்களைக் கலங்களையே கூட அனுப்பினார்கள்.

இக்கலங்களை வைத்து இன்னார் வந்தார், இன்னாருடைய மண் என்று வழக்காடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கறுப்புச் சிவப்புக் கலத்துக்கு மொழியில்லை. பிற்காலத்தில் தமிழ் பேசியவர்களின் முன்னோரும் சிங்களம் பேசியவர்களின் முன்னோரும் அதில் உண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் ஈமமொன்றில் கிடைத்த முத்திரையைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் பாதியையாவது, அதே ஈமத்தில் இருந்த சட்டிகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

கிணறு வெட்டும்போதும் வயல் திருத்தும்போதும் இவ்வகை ஓடுகள் மேலே வரக்கூடும். கழுவித் துடைத்து அலுமாரியில் வைக்காதீர்கள். ஓட்டில் ஒட்டியிருக்கும் கரியும் உமியும்தான் காலக்கணிப்புக்கு உயிர். கிடைத்த ஆழத்தைக் குறித்துப் படமெடுத்து, மண்ணோடு அப்படியே விட்டுத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும் என்றே சொல்கிறது.